அறுத்தெறிந்த சிவப்பு நாடா

செங்கோடனுக்குக் கெடுதல் செய்தவன் தனபாலன். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கிடங்குக்கு அடியில், ஜன்னலே இல்லாத கீழறையில் ஜிம் நடத்துகிறவன். ஏசி மெக்கானிக் செங்கோடன் அங்கே மூன்று ஏசி மாட்டினார். கெட்ட காற்று வெளியேற ஒரு சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். நல்ல காற்று உள்ளே வர எதிர்ச்சுவரின் மேற்பகுதியில், தெருமட்டத்தில் ஒரு துவாரம் விட்டு, அதன் கம்பிவலையில் ஒரு முழம் சிவப்பு நாடாவைக் கட்டினார். வேலை செய்த இடத்திலெல்லாம் அப்படிக் கட்டிவிட்டு வருவது அவர் வழக்கம்.

"குளிரு வேற, காத்து வேறங்க தம்பி. நாடா ஆடுற வரைக்கும் பயமில்லீங்க. தொங்கிப்போச்சுன்னா எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு எனக்குச் சொல்லுங்க."

தனபாலன் தலையாட்டினான். மறுவாரமே நாடாவை அறுத்தெறிந்தான். "கோயில் மரத்துல நேந்து கட்டுன துணியாட்ட இருக்குது."

அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பயிற்சியாளன் பிரசன்னா, தெருப்புழுதி வருகிறதென்று துவாரத்தை வெளிப்பக்கமாக அட்டை வைத்து அடைத்தான். உள்ளிருந்து பார்த்தால் தெரியாது. அறையும் எப்போதும்போல் ஜில்லென்றே இருந்தது.

ஏசி ஃபில்டர் கழுவ வந்த செங்கோடன் வெறும் வலையைப் பார்த்து நின்றார்.

"தம்பி, அந்த நாடா..."

"வந்த வேலையப் பாருய்யா. காத்துக்கு நீதான் வாத்தியாரா?" என்றான் தனபாலன்.

பயிற்சியில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். செங்கோடன் ஃபில்டரை மாட்டினார். துவாரத்தில் கை வைத்துக்கூடப் பார்க்காமல் படியேறிப் போனார்.

மூன்றாம் நாள் மாலை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், டிரெட்மில்லில் ஓடிய அருணகிரி மூச்சுமுட்டித் தலைசுற்றி விழுந்தார். மண்டையில் ஒன்பது தையல். இரண்டு நாள் நினைவில்லை. "அந்தக் கிழவன் பார்த்த வேலையோட லட்சணம்" என்றான் தனபாலன், அதே பத்துப் பேர் முன்னால். செய்தி கேட்டு வந்த செங்கோடன் வெளியே சுவரைச் சுற்றிப் போய் அட்டையைப் பிடுங்கி வந்து அவன் மேஜைமேல் வைத்தார். அப்போதும் அவன் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஊரில் செங்கோடனுக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் நின்றன.

அடைத்தவன் பிரசன்னா. நாடா இல்லாததைக் கண்டும் மேற்கொண்டு பேசாமல் போனவர் செங்கோடன். நாடாவை அறுத்தவன் தனபாலன். அருணகிரி சிந்திய ரத்தத்துக்கு இவர்களில் யார் முதலில் பதில் சொல்ல வேண்டும்?

விடை: தனபாலன். பிரசன்னா அறியாமல் அடைத்தான். நாடா இருந்திருந்தால் அடைத்த நிமிடமே அது தொங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். அது எதற்கென்று தெரிந்தும் அறுத்தவன் ஒருவன்தான். செங்கோடன் ரோஷத்தில் வாய்மூடிப் போனதும் பிழையே. அதை அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், அருணகிரியின் கட்டிலருகே நின்று ஒப்புக்கொண்டார். தனபாலன் அந்தப் பத்துப் பேர் முன்னால் "தப்பு என்மேல" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். இன்றுவரை சொல்லவில்லை.