பேர் சொல்லாத நெய்

கடலை நம்பிப் பிழைத்த மணல்மேல்பட்டினத்தை முன்னொரு காலத்தில் பரிதிவளவன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் பிடித்தது மத்தியானம் பிடிக்காது. மத்தியானம் சொன்னது சாயங்காலம் ஞாபகம் இருக்காது. அவனிடம் குப்பை கொட்டுவது என்ன பாடு என்று அமைச்சர் சேந்தனாரைக் கேட்டால்தான் தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ராஜா மாறவே மாட்டான். அது அவன் சின்ன வயதில் படித்த ஆற்றங்கரைக் கல்விச்சாலை. சபையில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான். "அந்தக் கம்பஞ்சோறும் கீரைக் குழம்பும்! மூணாவது வரிசையில் என் இடம். மழை வந்தால் கூரை ஒழுகிக் குழம்பு இரண்டு மடங்காகிவிடும். அப்போது எனக்கு ஒல்லிப்பிச்சான் என்று பேர்!" சொல்லிவிட்டுத் தன் தொப்பையைத் தட்டிக்கொள்வான். சபையே சிரிக்கும். நூறாவது தடவையும் சிரித்துத்தானே ஆகணும், சொல்வது ராஜாவாயிற்றே!

இந்த ஏக்கத்தை மோப்பம் பிடித்துவிட்டார் தாண்டவராயர். வெளிநாட்டுத் தூதர்களைக் கவனிக்கிற அதிகாரி. சேந்தனாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ஒருநாள் கழுத்தில் புதுப் பவளமாலையோடு வந்து நின்றார்.

"அரசே, உங்கள் கல்விச்சாலை இன்னும் ஒழுகுகிறது. அக்கரைத் தீவின் அரசர் எட்டுப் பெட்டி பொன் தருகிறார். புதுக் கூரையே போட்டுவிடலாம்."

"பதிலுக்கு?"

"பெரிதாக ஒன்றுமில்லை. தீவுக்காரர்கள் மூன்று பேர் சாலையின் சுவடி அறையில் தங்கிப் படிப்பார்கள். கொடுத்தவர் பேரை மட்டும் வெளியே சொல்லக் கூடாதாம். அவ்வளவு அடக்கம்!"

ராஜா உருகிப்போனான். ஆனால் சாலைத் தலைவர் கூத்தபிரான் உருகவில்லை. அவர் ராஜாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து படித்தவர். 'பேர் சொல்லாத பொன் சாலைக்குள் வராது' என்று ஓலை அனுப்பிவிட்டார்.

"என் சாலைக்குக் கூரை போட இவன் யார் தடுக்க? பௌர்ணமிக்குள் வாங்கிக்கொள்ளட்டும். இல்லையா, நாட்டைவிட்டே போகட்டும்!" என்று குதித்தான் ராஜா.

கூத்தபிரானுக்கு அந்தச் சாலையைத் தவிர வீடும் கிடையாது, வாசலும் கிடையாது. சேந்தனாருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் நேரே மறுத்துப் பேசினால் தனக்கும் அதே கதிதான் என்று தெரியாதா அவருக்கு?

"அரசே, பெட்டிகளை உங்கள் கையாலேயே கொடுங்கள். அன்றைக்கு மூணாவது வரிசையில் உட்கார்ந்து பழைய சாப்பாடும் சாப்பிடலாம்" என்றார். ராஜாவுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

பௌர்ணமியன்று எல்லோரும் சாலையில் பந்தியில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அன்றைய சாப்பாட்டுக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று உரக்கச் சொன்ன பிறகுதான் இலையில் கை வைக்கலாம். சமையல்கட்டுத் தலைவி செங்கமலம் வாசலில் நின்று கூவினாள்.

"கம்பு, மேலத்தெரு காடையன் வீடு! கீரை, ஓடக்காரர் வீட்டுப் பூவாயி! உப்பு, அளத்துக்கார மொட்டையன்!"

ராஜாவுக்குக் கண் கலங்கியது. "அதே குரல், அதே ராகம். இவள் அம்மாவும் இப்படித்தான் கூவுவாள்" என்றான்.

"நெய்! கொடுத்தவர் பேரைச் சொல்லக் கூடாதாம்!"

இலைக்குப் போன ராஜாவின் கை அப்படியே நின்றது. "என்னது?"

"ரொம்ப அடக்கமானவராம் அரசே. நெய் கமகமவென்று இருக்கிறது, ஊற்றச் சொல்லட்டுமா?" என்றார் சேந்தனார்.

"விளையாடுகிறீரா? யார் கொடுத்தது என்று தெரியாமல் எப்படி வாயில் வைப்பது?"

"அப்படியானால் தாண்டவராயர் முதலில் சாப்பிடட்டும். பேர் சொல்லாத கொடையை மெச்சியவர் அவர்தானே?"

தாண்டவராயர் அவசரமாக இலையைக் கையால் மூடினார். "எனக்கு வேண்டாமப்பா! எவன் வீட்டு நெய்யோ, என்னத்தைக் கலந்தானோ!"

"உங்கள் வீட்டு நெய்தான் ஐயா. சாலைக்கு வேண்டும் என்று காலையில் உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டு வாங்கினோம். பேரை மட்டும் மறைத்தோம்" என்றார் சேந்தனார்.

பந்தி முழுக்கச் சிரிப்பு. தாண்டவராயர் முகத்தில் ஈயாடவில்லை.

சேந்தனார் எழுந்து நின்றார். "அரசே, ஒரு கரண்டி நெய்க்கே பேர் கேட்கிறீர்கள். எட்டுப் பெட்டிப் பொன்னுக்குப் பேர் கேட்டதற்காகவா கூத்தபிரானை விரட்டுவது? சுவடி அறையில் என்ன இருக்கிறது என்று மறந்துவிட்டதா?"

ராஜா கூத்தபிரானைப் பார்த்தான். வருஷா வருஷம் தை மாதத்தில் மாணவர்கள் ஆற்று முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். மணல்திட்டு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று கோல் போட்டு அளந்து ஓலையில் எழுதிச் சுவடி அறையில் வைப்பார்கள். அந்த ஓலை கையில் இல்லாமல் எந்தப் பகைக் கப்பலும் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது, தரை தட்டிவிடும்.

"நாம் இரண்டு பேரும் சேர்ந்து அளந்தோமே கூத்தா" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு தாண்டவராயரிடம் திரும்பினான். "அந்தப் பவளமாலைக்கும் பேரைச் சொல்லுமய்யா!"

தாண்டவராயர் தலையைக் குனிந்தபடி மாலையைக் கழற்றினார்.

அன்றே உத்தரவு பிறந்தது. கடல் தாண்டிச் சாலைக்கு எது வந்தாலும், கொடுத்தவர் யார், பதிலுக்கு என்ன கேட்டார் என்று இரண்டையும் பந்தியில் கூவ வேண்டும். "நாளைக்கு உங்கள் அரசர் பேரைக் கூவலாமா?" என்று பெட்டிகளோடு கப்பலில் வந்திருந்த தீவுத் தூதனைக் கேட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் கப்பலும் இல்லை, எட்டுப் பெட்டியும் இல்லை. தாண்டவராயர் அடுத்த மூன்று தை மாதமும் மாணவர்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் கோல் பிடித்து நின்றார். சளி பிடித்ததுதான் மிச்சம்.

சரி, ஒழுகுகிற கூரை? ராஜா தன் கோடை மாளிகையின் ஓடுகளை இறக்கிச் சாலைக்கு அனுப்பினான். வேலை முடிந்த அன்று மறுபடி பந்தியில் போய் உட்கார்ந்தான். செங்கமலம் கூவ வாயெடுத்தாள். ராஜாவின் பேரை எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். கூத்தபிரான் அவள் காதில் ஏதோ சொன்னார்.

"ஓடு! கொடுத்தவர், மூணாவது வரிசை ஒல்லிப்பிச்சான்! பதிலுக்குக் கேட்டது, அதே வரிசையில் ஒரு இலை!"

நாற்பது வருஷமாக யாரும் கூப்பிடாத பேர். ராஜா வாய்விட்டுச் சிரித்தான், அப்படியே அழுதும்விட்டான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழம்பில் ஒரு சொட்டு விழவில்லை.

"அது ஒன்றுதான் குறை" என்றான் ராஜா, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே.