கதையை நடுவில் நிறுத்திய பேச்சி

அந்தக் காலத்தில் காட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். மானும் மனுஷியும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். பெரியவர்கள் இரை தேடவும் கிழங்கு தோண்டவும் கிளம்பினால், குட்டிகளைப் பார்த்துக்கொள்வது பேச்சி என்ற பெண்ணின் வேலை. ஒரு குகைதான் அவளுடைய பள்ளி. முயல், குரங்கு, பன்றி, முள்ளெலி, மனிதப் பிள்ளைகள் என்று மொத்தம் பதினொன்று. அவள் பிரமாதமாகக் கதை சொல்வாள். ஆனால் நடுவில் யாராவது வாயைத் திறந்தால், "முடியட்டும், அப்புறம் பேசு" என்று அடக்கிவிடுவாள்.

ஒரு கோடைப் பகலில் காடு பற்றிக்கொண்டது. காற்று தீயைக் குகை வாசலுக்கே விரட்டி வந்தது. தப்பிக்க ஒரே வழி, குகையின் பின்னால் ஆற்றங்கரைக்குப் போகும் இருட்டுச் சந்து. குட்டிகளோ மூலைக்கு ஒன்றாக ஒளிந்துகொண்டன. பேச்சி கூப்பிட்டாள், அதட்டினாள். ஒன்றும் அசையவில்லை.

சட்டென்று அவள் குரலை மாற்றினாள். "ஒரு மலைப்பாம்பு ஆத்துக்குத் தண்ணி குடிக்கக் கிளம்புச்சு. நான்தான் தலை. கழுத்து எங்கே?"

முயல்குட்டி எட்டிப் பார்த்தது. "கழுத்து நான்" என்று ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்தது.

"அப்போ நான் வயிறு" என்றது பன்றிக்குட்டி.

மற்றவையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, பாம்பு சந்துக்குள் நுழைந்தது. புகையும் பின்னாலேயே வந்தது. பாதி வழியில் பேச்சிக்குத் தொண்டை அடைத்தது. கதை நின்றது. வரிசையும் நின்றது. யாரோ அழ ஆரம்பித்தார்கள். அவளால் ஒரே ஒரு சொல்தான் சொல்ல முடிந்தது.

"அப்புறம்?"

இருட்டில் முள்ளெலிக்குட்டி யோசித்துச் சொன்னது: "பாம்பு நிமிர்ந்தா நடக்கும்? வயித்தத் தரையில வச்சு ஊர்ந்துச்சு, அக்கா."

எல்லாரும் குப்புற விழுந்தார்கள். தரையோரம் புகை இல்லை. பேச்சிக்கு மூச்சு வந்தது. மறுபடி கேட்டாள்: "அப்புறம்?"

"தண்ணி வாசம் வந்துச்சு" என்றது ஒரு குரல். "வேகமாப் போச்சு" என்றது குரங்குக்குட்டி. ஆளுக்கொன்றாகச் சொல்லிச் சொல்லியே ஊர்ந்து, ஆற்று மணலில் வந்து விழுந்தார்கள். பேச்சி தலைகளை எண்ணினாள். பதினொன்றும் இருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, மணலிலேயே உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள்.

அன்று முதல்தான் மழலைப் பள்ளி டீச்சர்கள், கதை சூடுபிடிக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பிள்ளைகளிடம் கேட்கிறார்கள்.