வெறுங்காற்றுக்கு ஏறிய முள்

குதிரைகளெல்லாம் காய்ச்சலில் மாண்டுபோய், அரண்மனைத் தூதர்கள் சைக்கிள் மிதித்துத் திரிந்த காலம் ஒன்று இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அதற்கும் சுங்கம் வசூலிப்பார்கள்.

அந்த நாட்டு ராணி நோயில் கிடந்தாள். மலையூர் வைத்தியரிடம் மருந்து வாங்கப் போன தூதன் வீரணனுக்கு, திரும்பும் வழியில் பின்சக்கரம் காற்றிறங்கிப் படுத்துவிட்டது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியே வந்தான். கோட்டை வாசலை எட்டியபோது உள்ளே சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அரண்மனைப் பம்பில் காற்றளவு காட்டும் முள் அறுபதைத் தொடும்வரை காற்றடித்துத்தான் கிளம்பினேன் என்று அழுதான். பொக்கிஷதாரர் மகரபூஷணர் நம்பவில்லை. தரையில் ஊன்றி மிதித்துக்கொண்டு அடிக்கிற அந்தப் பம்பு அவர் வாங்கித் தந்தது. யானைத்தந்தக் கைப்பிடி, விலை இருநூறு பொன், விற்றவர் அவருடைய மைத்துனர். பம்பா பொய் சொல்லும், இவன்தான் வழியில் தூங்கியிருப்பான் என்றார். அமாவாசையன்று வீரணனுக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று.

ராணி நோயில் விழுந்ததிலிருந்து சிரிக்காத அரசருக்குத் திடீரென்று ஒரு நினைப்பு. சாவடிக்குச் சாவடி பம்பு வேண்டும், கஜானாவோ காலி. ஆகவே இருநூறு பொன் பம்பைத் தோற்கடிக்கும் பம்பைப் பத்துப் பணத்துக்குள் வாங்கிவரும்படி விகடன் அம்பலத்தானுக்கு உத்தரவிட்டார். வென்றால் வீரணனை விட்டுவிட வேண்டும் என்று அம்பலத்தான் கேட்டான். அரசர் தலையசைத்தார். விகடன்மேல் வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்த பொக்கிஷதாரர் பந்தயத்தை அறிவித்தார்.

"முள்ளை முதலில் அறுபதில் நிறுத்துபவர் வென்றவர். விகடர் தோற்றால் வீரணன் பக்கத்தில் இன்னொரு கயிறு."

அம்பலத்தான் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவன். வாஷர் தோல் எண்ணெய் குடித்திருக்கிறதா, அடிக்கட்டை ஆடாமல் நிற்கிறதா, குழாய் வால்வைக் கவ்வுகிறதா என்று கடை கடையாகப் பார்த்தான். கடைக்காரர் பன்னிரண்டு என்றார், இவன் ஆறு என்றான். நாலு எட்டு நடந்ததும் கூப்பிட்டார், எட்டுப் பணத்துக்கு முடிந்தது. தராசு வாங்குகிறவன் முதலில் வெறுந்தட்டோடு தூக்கிப் பார்ப்பான். அதேபோல் இவன் குழாயை எதிலும் மாட்டாமல் அடித்துப் பார்த்தான். முள் அசையவில்லை. நேர்மையான பம்பு. ஆனால் டயரில் மாட்டி அடித்தால் அறுபதைத் தொட நாற்பது தடவை ஆயிற்று. அரண்மனைப் பம்புக்குப் பத்தே தடவை. பத்து அடியில் எந்த டயர் நிறையும் என்று அன்றிரவு முழுவதும் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

சபை கூடியது. மணி அடித்ததும் பொக்கிஷதாரரின் ஆள் குழாயை மாட்டக் குனிந்தான். அம்பலத்தான் தன் பம்பை விட்டுவிட்டுப் பாய்ந்துபோய் யானைத்தந்தக் கைப்பிடியைப் பிடுங்கினான். குழாய் அந்தரத்தில் தொங்க, பத்து அடி அடித்தான். முள் அறுபதில் போய் நின்றது.

"வென்றேன், அரசே."

"குழாய் டயரிலேயே இல்லையே ஐயா" என்றார் பொக்கிஷதாரர்.

"இருக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லவில்லை. தங்கள் பம்பும் அதை எதிர்பார்க்கவில்லை."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. பாதியில் அவர் சிரிப்பு நின்றது. இறங்கி வந்து தானே அடித்துப் பார்த்தார். கைப்பிடி இறங்கும்போதெல்லாம் முள் தானாக ஒரு படி ஏறியது.

"வீரணன் கிளம்பிய அன்றும் இப்படித்தான் அறுபது காட்டியதா?"

பொக்கிஷதாரரைக் காவலர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அதே சிறைக்கதவை அரசர் தம் கையாலேயே திறந்து வீரணனை வெளியே விட்டார். ராணியின் முத்துமாலையைக் கொண்டுவரச் சொல்லி, அம்பலத்தான் கழுத்தில் போட்டார்.

அம்பலத்தான் தன் ஆயுளில் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்ட பொருள் அது ஒன்றுதான்.