மாயப் போர்வை மடித்த நால்வர்

செண்பகவல்லி அம்மாளின் நாடகக் கம்பெனியில் சாமான் ஏற்றி இறக்க நாலு பேர் இருந்தார்கள். ஆண்டவன் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு நாலு பேரும் எங்கோ பெட்டி தூக்கப் போயிருக்க வேண்டும். ஆனால் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். தொல்லையே அதில்தான் இருந்தது.

நால்வருக்கும் தலைவர் குழந்தைவேல். முறுக்கு மீசைக்காரர், பொறுப்பு மிகுந்தவர். தம்புசாமி லாரி ஓட்டுவான். சங்கிலியும் அம்மாசியும் மற்ற வேலைக்கு.

அந்த வருஷம் கம்பெனி போட்டது 'பவழக்கோட்டை' நாடகம். ஒன்பது பாகம் புத்தகமாக வந்து, பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து படித்த மாயாஜாலக் கதை. கரூரில் ஆட்டம் முடிந்தது. மறுநாள் மத்தியானம் மூணு மணிக்குத் துறையூரில் ஆட்டம். காலையில் நடிகர்களோடு வேனில் கிளம்பும்போது அம்மாள் குழந்தைவேலைக் கூப்பிட்டார்.

"மாயப் போர்வை பத்திரம்ப்பா. இளவரசன் அதைப் போத்தினாத்தான் போர்வையும் தெரியாது, ஆளும் தெரியமாட்டான். அது இல்லேன்னா கதையே இல்ல. அப்புறம், தார்ப்பாய் புதுசு, நனைச்சு நாசம் பண்ணிராதீங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க. போன ஊர்ல பாதாளக் கிணத்தைத் தலைகீழா வச்சீங்க. இந்தத் தடவை ஏதாவது ஆச்சு, நாலு பேரும் வீடு போய்ச் சேர வேண்டியதுதான்."

"என் உசிரு போனாலும் போர்வை போகாதும்மா" என்றார் குழந்தைவேல்.

வேன் தெரு முனை திரும்பியதும் முதல் வேலையாகப் போர்வைப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே வெள்ளி ஜரிகை வைத்த கறுப்பு வெல்வெட் துணி ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இதுதானாண்ணே மாயப் போர்வை?" என்றான் சங்கிலி.

குழந்தைவேல் துணியை உதறிப் பார்த்தார். "உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"தம்புசாமி, உனக்கு?"

"ஜரிகை வரைக்கும் தெரியுதுண்ணே."

"அப்ப இது எப்படிடா மாயப் போர்வை ஆகும்? எவனோ பெட்டியில கண்ட துணியைத் திணிச்சு வச்சிருக்கான்."

நாடகம் நடந்த மண்டபத்து வாட்ச்மேன் சைக்கிள் துடைக்கத் துணி கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் அதைக் கொடுத்துவிட்டு, நாலு பேரும் மண்டியிட்டு மேடை முழுக்கத் தடவிப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து அம்மாசிதான், "கிடைச்சிருச்சு!" என்று கத்தினான். தூணோரமாகக் கிடந்ததாம்.

ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். மடிப்பதில் சிக்கல் வந்தது.

"உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது?" என்றார் குழந்தைவேல்.

"எந்தப் பக்கம் தெரியலையோ அது வெளிப்பக்கம்" என்றான் சங்கிலி.

"ரெண்டு பக்கமும் தெரியலையே."

"அப்ப ரெண்டும் வெளிப்பக்கம்தாண்ணே. நல்ல சரக்கு!"

நாலாக மடித்து, எட்டாக மடித்து, பெட்டியில் வைத்தார்கள். நெருப்பு கக்கும் நாகத்தை லாரி நடுவில் படுக்க வைத்துக் கிளம்பினார்கள். காகிதக்கூழில் செய்த நாகம். தலை மட்டுமே ஒரு ஆள் உயரம்.

குளித்தலைப் பாலத்தில் ஏறும்போது காவேரிக் காற்று அடித்த அடியில் பெட்டி மூடி திறந்துகொண்டது. மூடி அடித்த சத்தம் கேட்டுக் குழந்தைவேல் திரும்பிப் பார்த்தார். முன்னாலிருந்து கத்தினார்: "டேய் அம்மாசி! போர்வை இருக்கா, பறந்துருச்சா?"

பின்னால் இருந்த அம்மாசி பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினான். "இருக்குண்ணே!"

"எப்படிச் சொல்றே?"

"கையில ஒண்ணுமே தட்டுப்படலை. பறந்து போயிருந்தா பெட்டியோட அடிப்பலகையில்ல தட்டுப்படும்? நான் அவ்வளவு ஆழத்துக்குக் கை விடவே இல்லையே."

குழந்தைவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முசிறி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. புதுத் தார்ப்பாய் நனையக் கூடாது என்பது அம்மாளின் உத்தரவு. அதனால் சுருட்டி முன்சீட்டில் வைத்து, குழந்தைவேல் அதன்மேல் குடை பிடித்துக்கொண்டார். ஆனால் நாகம்?

"போர்வையை எடுத்து நாகத்து மேல மூடுங்கடா!" என்றார் குழந்தைவேல்.

சங்கிலியும் அம்மாசியும் போர்வையை விரித்து நாகத்துக்குத் தலை முதல் வால் வரை போர்த்தி, ஓரங்களைச் செருகினார்கள்.

"அண்ணே, நாகத்து மூக்கு கரையுற மாதிரி தெரியுதே?" என்றான் சங்கிலி.

"நாகந்தான் போர்வைக்குள்ள இருக்கே. உனக்கு எப்படிடா மூக்கு தெரியும்?"

சங்கிலி யோசித்தான். அண்ணன் சொல்வது நியாயம்தான்.

துறையூர் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது, அத்தனை பிள்ளைகள். செண்பகவல்லி அம்மாள் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். நெருப்பு நாகம் ஊறவைத்த அப்பளமாகக் கிடந்தது. "போர்வை?" என்றார், பாதிக் குரலில்.

குழந்தைவேல் இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து பணிவாக நீட்டினார். "கொஞ்சம் ஈரமா இருக்கும்மா."

அம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். போர்வையின் கனத்தைக் கண்டுதான் மலைக்கிறார் என்று நினைத்து, "நானே உள்ள கொண்டு போறேம்மா" என்றார் குழந்தைவேல்.

வேறு வழி இல்லை. நாகம் இன்றைக்குத் தூங்குகிறது என்று கதையை மாற்றினார்கள். இளவரசனாக நடித்த மாசிலாமணி, வெறும் கையை உதறி, வெறும் தோளில் போர்த்திக்கொண்டு நின்றார். முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"ஏய், இதுதாண்டி நிஜப் போர்வை! போன வருஷம் வந்தவங்க கறுப்புத் துணியைக் காட்டி ஏமாத்திட்டாங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. திரைக்குப் பின்னால் குழந்தைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காட்சி முடிந்து வந்த மாசிலாமணி, "இந்தாய்யா உன் போர்வை" என்று அம்மாசியின் தோளில் போட்டுவிட்டுப் போனார். அம்மாசிக்கு உடம்பு சிலிர்த்தது. இனி தன்னை யாரும் பார்க்க முடியாது! ராணி மேடையில் அழுதுகொண்டிருக்க, கட்டம்போட்ட லுங்கியோடு, கையில் டீ கிளாஸோடு, நடு மேடையில் நிதானமாக நடந்து போனான்.

"டேய் அம்மாசி!" என்று அம்மாள் பல்லைக் கடித்தார்.

'பாவம், அம்மா என்னைத் தேடுறாங்க' என்று நினைத்துக்கொண்டு, சிம்மாசனத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றினான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படி ஒரு நாடகத்தைத் துறையூர் பார்த்ததில்லை என்று ஆட்டம் முடிந்ததும் ஊரே சொன்னது.

அம்மாளுக்குக் கோபிக்கவும் தெம்பில்லை. "போங்கப்பா, நாலு பேரும் வண்டியில ஏறுங்க" என்றார்.

குழந்தைவேல் ஆட்களை எண்ணினார். தான், தம்புசாமி, சங்கிலி. மூணு. நாலாவதாக ஒருவன் நின்றான்.

"அம்மாசி எங்கடா?"

"நாந்தாண்ணே அம்மாசி" என்றான் நாலாவது ஆள்.

"அம்மாசி போர்வைக்குள்ள இருக்கான். உள்ள இருக்கறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். நீ நல்லா தெரியுறே. யாருய்யா நீ?"

அம்மாசி தன் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "தெரியலைங்களே" என்றான்.

சங்கிலி அவனைச் சுற்றி வந்து பார்த்தான். "முகம் அம்மாசி சாடைதாண்ணே. அவன் சட்டையை வேற போட்டிருக்கான்."

குழந்தைவேல் யோசித்தார். சாமான் நிறைய இருந்தது, ஒரு கை குறைந்தது. "பெட்டி தூக்குவியா?"

"தூக்குவேங்க."

"சரி, ஏறிக்க. ஆனா அம்மாசி வந்தான்னா நீ கிளம்பிடணும். அவன் ரொம்ப நாளா எங்ககூட இருக்கறவன்."

"சரிங்க" என்று லாரியில் ஏறினான் அம்மாசி. அந்த அம்மாசி வருவதற்குள் நல்ல பேர் எடுத்துவிட வேண்டும் என்று, அன்றைக்கு மட்டும் இரண்டு ஆள் வேலை பார்த்தான்.