கத்துவதற்கு அனுமதி

கரிச்சான் குருவிக்குக் காட்டில் எல்லார் பாஷையும் தெரியும். பாம்பு வந்தால் மைனாவுக்கு மைனா குரலில் கத்தும், அணிலுக்கு அணில் குரலில் கத்தும். அந்த வித்தையை ஒளித்தும் வைக்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது.

மயிலுக்கு வயிறு எரிந்தது. அதன் கத்தல் மயில்களுக்கு மட்டும்தான் புரியும். நேரே மந்திரி நரியிடம் போய்த் தோகையை விரித்து ஆடியது. நரி சொக்கிப்போய்க் காப்புரிமை எழுதிக் கொடுத்தது: 'ஆபத்தைச் சத்தம் போட்டு அடுத்தவருக்குச் சொல்லும் முறை, மயிலின் கண்டுபிடிப்பு.'

"அட, எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து கத்துறோமே!" என்றது கரிச்சான்.

"கத்தினாங்க சரி, பதிஞ்சாங்களா?" என்றது மயில். "இனிமே கத்தணும்னா முதல்ல என் அனுமதி வேணும். மீறினா சிறகை வெட்டிடுவாங்க!"

மறுநாளே மைனாவின் கூட்டை நோக்கிச் சாரைப்பாம்பு ஏறியது. கரிச்சான் அனுமதி கேட்கப் பறந்தது. மயில் மண்ணில் புரண்டு குளித்துக்கொண்டிருந்தது. "அப்புறம் வா!"

திரும்பி வந்தால் கூட்டில் குஞ்சு இல்லை.

"நீ பாத்தியா?" என்று மட்டும் கேட்டது மைனா.

பிறகு ஒருநாள் மழை மூட்டத்தில் மயில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால், புதரில் காட்டுப்பூனை பதுங்கியது. கரிச்சான் கீழே இறங்கிக் கும்பிட்டது.

"ஐயா, கத்த அனுமதி வேணும்!"

"எதுக்கு?"

"அதைச் சொன்னா அதுவே எச்சரிக்கை ஆயிடுமே, ஐயா!"

"பரவாயில்லையே, சட்டம் தெரிஞ்சு பேசுற! யாருக்கு ஆபத்து?"

"அதையும் சொல்லக் கூடாதே!"

"சரி, ஆட்டம் முடியட்டும். யோசிச்சுச் சொல்றேன்."

பூனை யோசிக்கவில்லை. பாய்ந்தது.

மயில் அலறியது. பக்கத்து மரத்துக்குக்கூடப் புரியவில்லை.

"கத்துடா கரிச்சான், கத்து!"

"அனுமதியா, ஐயா?"

"அனுமதிதான்டா பாவி!"

கரிச்சான் மைனா குரலில் கத்தியது. மைனாக்கள் திரண்டு வந்து பூனையைக் கொத்தின. குஞ்சைப் பறிகொடுத்த மைனாதான் முதலில் வந்தது. பூனை ஓடியது, வாய் நிறையத் தோகையோடு.

மொட்டை மயில் நரியிடம் ஓடியது. "மந்திரி! அந்தப் பூனையைத் தண்டிக்கணும்!"

நரி ஏற இறங்கப் பார்த்தது. எச்சில் விழுங்கியது. "யாரது, புதுக் கோழியா? உள்ளே வா, உள்ளே வா!"

ஊர் வாய்க்குப் பூட்டுப் போடுகிறவன், தான் தப்பிக்கும் வழிக்கும் சேர்த்தே பூட்டுப் போடுகிறான்.