கடைசி சீட்

கோடை வெயிலிலும் கோட்டைக் கழற்றாத அட்மிஷன் ஆலோசகர் ரத்தினசபாபதி, பெற்றோரைத் தனித்தனியாகத்தான் கண்ணாடி அறைக்குள் கூப்பிடுவார். டவுன் பஸ் கண்டக்டர் மாடக்கண்ணுவின் முறை வந்தது.

"உம்ம மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரே ஒரு சீட்தான் இருக்கு. கடைசி சீட்! பத்து நிமிஷத்துல கையெழுத்துப் போடும், இல்லேன்னா போச்சு."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன் சார்."

வெளியே வந்த மாடக்கண்ணு, சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஓங்கி ஊதினார்.

"கடைசி சீட் கிடைச்சவங்கல்லாம் கையத் தூக்குங்க!"

ஐந்து கைகள் எழுந்தன. ஆறாவதாகத் தன் கையையும் தூக்கினார்.

ஆலோசகர் பதறியடித்து ஓடிவந்தார். "என்னய்யா இது?"

"ஒண்ணுமில்ல சார். எங்க பஸ்லயும் கடைசி சீட்டுல ஆறு பேருதான். நீங்க சரியாத்தான் ஏத்தியிருக்கீங்க."

பிறகு ரெண்டு விசில் கொடுத்தார். ஆறு குடும்பமும் வாசலைப் பார்த்துக் கிளம்பியது.