காப்பி குடிக்காத பிள்ளைக்குப் பூ

காப்பியை விட்டவர்களுக்கு ஒரு குணம் உண்டு. தாங்கள் விட்டதை அடுத்தவரும் விட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி.

ஞானாம்பாள் டீச்சர் அந்த ரகம். கும்பகோணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிகாக்‌ஷன் வாசனை இல்லாமல் கண் திறக்காத ஊரில் பிறந்து, ஓய்வு பெற்ற கையோடு காப்பியை உதறிவிட்டு, நாகர்கோவில் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தின் குரு சுயம்பு சாமிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். டீச்சருக்கு மகன் வயது. ஆனாலும் "சாமி" என்று கூப்பிடும்போது டீச்சரின் குரலில் பணிவு குறைந்ததில்லை. சாமியும் அவரை மரியாதையாக "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

வந்த புதிதில் ஊர்ப் பெண்கள் வழியில் பார்த்துக் கேட்டார்கள்.

"காப்பி குடிச்சாச்சா டீச்சர்?"

"நான் காப்பி குடிக்கறதே இல்லம்மா."

"ஒரு நாளுமா?"

"ஒரு நாளும் இல்ல. விட்டுட்டேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு டீச்சரைக் கண்டால் எழுந்து நின்றார்கள். ஏன் என்று டீச்சருக்குப் புரியவில்லை. ஆனால் பிடித்திருந்தது. அதனால் விசாரிக்கவும் இல்லை.

கோடை விடுமுறை வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைச் சாமி டீச்சரிடம் விட்டார். முதல் நாளே டீச்சர் வரும் வழியில் டீக்கடையில் ஒரு காட்சியைப் பார்த்தார். ஒரு தகப்பன் தன் கிளாஸில் இருந்த காப்பியை ஊதி ஊதி மடியில் இருந்த பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு மூன்று வயதுகூட இருக்காது.

வகுப்புக்கு வந்ததும் முதல் பாடமே அதுதான்.

"பிள்ளைங்களா, காப்பி பெரியவங்க சமாச்சாரம். சின்னவங்க குடிச்சா ராத்திரி தூக்கம் வராது. பசி செத்துப்போயிடும். டீயும் அப்படித்தான். கடையில விக்கிற கறுப்புக் கலர் சோடாவும் அப்படித்தான். நாளையிலேருந்து காப்பி குடிக்காம வர்ற பிள்ளைக்கு ஒரு ரோஜாப்பூ."

மடத்துத் தோட்டத்தில் பன்னீர் ரோஜா நிறைய இருந்தது.

மறுநாள் கேட்டார். "யாரெல்லாம் காப்பி குடிக்கல?"

ஒரே ஒரு கை உயர்ந்தது. அபிஷாவின் கை. ஆறு வயது. அப்பா இல்லை. அம்மா முந்திரிப் பருப்பு உடைக்கும் ஆலைக்கு விடியும் முன்பே போய்விடுவாள். டீச்சர் அவளை முன்னால் நிறுத்தி, தலையில் பூ வைத்து, "இவளைப் பாருங்க" என்றார். மற்றப் பிள்ளைகள் பூவைப் பார்த்தார்கள்.

இரண்டொரு நாளில் வகுப்புப் பையன் விபினின் அம்மா தங்கலீலா வந்து நின்றாள்.

"டீச்சர், எம்பிள்ளை காப்பி குடிக்க மாட்டேங்கான். பூ கிடைக்காதாம்."

"ரொம்ப நல்லது."

"என்ன நல்லது? வளருத பிள்ளை காப்பி குடிக்காம எப்படி இருப்பான்?"

"பழகிடும்மா. நான் இல்லையா?"

"நீங்க தவசி. எம்பிள்ளை அப்படியா?"

"எல்லாப் பிள்ளையாலயும் முடியும். அம்மா மனசு வைக்கணும்."

தங்கலீலா திரும்பிப் போனாள். மறுநாள் விபினும் கையைத் தூக்கினான். அவன் உதட்டோரத்தில் துருவிய தேங்காய் ஒட்டியிருந்ததை டீச்சர் கவனிக்கவில்லை. பிள்ளைகள் சமர்த்தர்கள். பூ வேண்டுமென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். பொய் சொல்லத் தெரியாதவள் அபிஷா ஒருத்திதான்.

அவள் சோர்ந்துகொண்டே வந்தாள். பாட்டு நடுவில் பாயில் சாய்ந்துவிடுவாள். எழுத்து எழுதும்போது கை நடுங்கும். ஒரு நாள் டீச்சர் அவளை மடியில் போட்டுக்கொண்டு நெற்றியைத் தடவினார்.

"தலை வலிக்குதாடா கண்ணு?"

"ஆமா டீச்சர்."

"காப்பியை நிறுத்தினா மொதல்ல அப்படித்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. கொஞ்ச நாள்ல சரியாயிடும். விட்டுடாதே."

அபிஷா தலையாட்டினாள். டீச்சர் அதை அன்பாகத்தான் சொன்னார். பின்னால் நினைத்துப் பார்க்கையில் அவரை அதிகம் சுட்டதும் அந்த அன்புதான்.

மறுநாள் காலை. பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சாமி தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவரிடம் போனார். ஊர்ப் பெண்கள் முணுமுணுக்கிறார்கள், சாமி வாயால் ஒரு வார்த்தை வந்தால் அடங்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க டீச்சர்."

"சின்னப் பிள்ளைங்க காப்பி குடிக்கலாமா?"

"கட்டாயம் குடிக்கணும்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"விளையாடறீங்களா சாமி?"

"இதுல என்ன விளையாட்டு? பெரியவங்க ஒரு நேரம் விட்டாலும் பாதகமில்ல. பிள்ளேளுக்கு விடக்கூடாது."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? குடிக்காம வர்ற பிள்ளைக்கு நான் தினமும் பூ குடுத்துட்டிருக்கேன்."

சாமி வாளியைக் கீழே வைத்தார்.

"தினமும் பூ வாங்குகது யாரு?"

"அபிஷா. ஒரு நாள் தவறினதில்ல. அவ்வளவு உறுதி அந்தக் குழந்தைக்கு."

சாமி டீச்சரைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு தொடங்கி, பாதியிலேயே நின்றுபோனது.

"வாங்க" என்று முன்னால் நடந்தார்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மக்கா, இன்னைக்கு உங்க வீட்டுல காப்பிக்கு என்ன?"

டீச்சர் தன் காதைச் சந்தேகப்பட்டார். காப்பிக்கு என்ன என்றால்?

"தோசை சாமி."

"ஆப்பமும் கடலையும்."

விபின் டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னான். "புட்டு."

அந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயர் காப்பி. இட்லி தின்றாலும் காப்பி குடித்தாச்சு, கஞ்சி குடித்தாலும் காப்பி குடித்தாச்சு. ஒருவர் காப்பி குடிக்கவில்லை என்றால் அவர் வயிறு காலி என்று அர்த்தம். ஊர் முழுக்கத் தெரிந்த இந்தச் சங்கதியை டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டீச்சரும் யாரையும் கேட்டதில்லை.

சாமி கடைசியாக அபிஷாவிடம் திரும்பினார்.

"உனக்கு மக்கா?"

அபிஷா முதலில் தலையில் பூ இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நான் காப்பி குடிக்க மாட்டேன் சாமி."

"அம்மை ஒண்ணும் வச்சிட்டுப் போகல்லியா?"

"கட்டன் காப்பி போட்டு வச்சிட்டுப் போவா."

"கூட தின்ன?"

"ஒண்ணும் இல்ல. அதைக் குடிச்சா மத்தியானம் வரைக்கும் பசிக்காது."

"இன்னைக்குக் குடிச்சியா?"

"டீச்சர் கூடாதுன்னாவ. ஊத்திக் களஞ்சிட்டேன்."

பசி செத்துப்போயிடும் என்று டீச்சர் வகுப்பில் சொன்னது அந்தப் பிள்ளைக்குப் புதிய செய்தியே இல்லை. பசி சாக வேண்டும் என்றுதான் அவள் அம்மா பால் இல்லாத அந்தக் காப்பியை வைத்துவிட்டுப் போனாள். டீச்சர் அதையும் பிடுங்கிக்கொண்டு ஒரு ரோஜாப்பூவைக் கொடுத்திருந்தார்.

"சாமி..." என்றார் டீச்சர்.

"அடுப்படியில புட்டு மாவு இருக்கு" என்றார் சாமி.

டீச்சர் ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு, புடவை தடுக்கத் தடுக்க ஓடினார். அடுப்பைப் பற்றவைத்தார். கும்பகோணத்துக்காரருக்குப் புட்டு அவித்துப் பழக்கம் இல்லை. குழலில் மாவைப் போட்டு, அவசரத்தில் கையால் அழுத்தி அழுத்தித் திணித்தார். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. குழலின் மேலே ஆவி வரவே இல்லை.

சாமி பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றார்.

"சாமி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கறுப்புத் தண்ணியைக் குழந்தை குடிக்கலாமா?"

"வேண்டாம். பிள்ளேளுக்கு அது ஆகாது. நீங்க சொன்னது சரிதான்."

"சரியாத்தானே சொன்னேன்? அப்புறம் ஏன் சாமி என் மடியிலேயே ஒரு பிள்ளை பட்டினி கிடந்தது?"

சாமி குழலை எடுத்தார். திணித்திருந்த மாவைத் தட்டில் கொட்டி, விரல்களால் உதிர்த்தார். அடியில் கொஞ்சம் தேங்காய் தூவி, மாவை மெல்லச் சரித்துவிட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

"நல்ல மாவுதான் டீச்சர். ரொம்ப இறுக்கிட்டீங்க."

சற்று நேரத்தில் மேலே ஆவி வந்தது.

டீச்சர் புட்டை வாழையிலையில் தள்ளி, ஒரு பழத்தை உரித்து வைத்து, அபிஷாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அபிஷா இலையைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். தொடவில்லை.

"சாப்பிடுடா கண்ணு."

"இதும் காப்பிதானே டீச்சர்?"

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. அவர் தானே பழத்தைப் பிசைந்து ஒரு வாய் ஊட்டினார். இரண்டாவது வாய்க்கு அபிஷா தானே கையை வைத்தாள். அப்புறம் நிமிரவே இல்லை. இலையில் ஒரு துகள் மிச்சமில்லை.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். டீச்சர் முன்னால் நின்று, தலையில் இருந்த ரோஜாவை மெதுவாக உருவி, இதழ் உதிராமல் நீட்டினாள்.

"என்னடா இது?"

"காப்பி குடிச்சிட்டேன் டீச்சர்."

டீச்சரால் கையை நீட்டவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. சாமியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் என்ன சொல்லட்டும் சாமி?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் டீச்சர். இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளுங்க."